ஒற்றைக் காலில் நில்லுங்கள், ஸார்!

‘கட்டினால் அவளைத்தான் கட்டுவேன்’ என்று ஒற்றைக் காலில் நிற்பவர்கள் உண்டு. புது பைக் வாங்கித் தந்தால்தான் காலேஜ் என்று நிற்பவர்கள் உண்டு. இன்க்ரிமென்ட் கேட்டு மானேஜர் அறை வாசலில் நிற்பவர்கள் உண்டு. இப்படி ஆயுசு முழுக்க வாயாலேயே ஒற்றைக் காலில் நின்று பழகியவர்களிடம், ‘எங்கே, நிஜமாகவே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பத்து விநாடி நில்லுங்கள் பார்க்கலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். கை தானாகச் சுவரைத் தேடும்!

இந்த வாரம் இந்தப் பேச்சு எதற்கு என்றால், ஒரு வாசகத் தம்பியின் கடிதம். வயது 26, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுருக்கமாக விஷயம் இதுதான்: ‘ஒரு வருஷமாக ஜிம்முக்குப் போகிறேன். தோளில் 80 கிலோ வைத்துக்கொண்டு பஸ்கி எடுக்கிறேன். ஆனால், ஒற்றைக் காலில் வெறும் உடம்போடு உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னால் பாதியிலேயே பின்பக்கமாக விழுகிறேன். நேற்று சேர்ந்த ஒல்லிப் பையன் அநாயாசமாகச் செய்கிறான். எனக்குக் காலில் பலம் போதவில்லையா?’

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் தம்பி. உங்கள் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தோளில் 80. ஆக மொத்தம் 150. சுமப்பது இரண்டு கால். ஆளுக்கு 75. பாரைக் கீழே வைத்துவிட்டு ஒற்றைக் காலில் உட்கார்ந்தால், அந்தக் கால் சுமக்க வேண்டியது உங்களுடைய 70 மட்டும். ஏற்கெனவே சுமந்ததைவிட 5 கிலோ கம்மி! அப்புறம் ஏன் விழுகிறீர்கள்?

ஏனென்றால், இது பலம் மட்டும் சம்பந்தப்பட்ட விவகாரம் இல்லை. இரண்டு கால் இருக்கும்போது ஒன்றின் குறையை இன்னொன்று மூடி மறைத்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு தம்பி வேலைவெட்டி இல்லாமலே காலம் தள்ளுகிற மாதிரி. தனிக்குடித்தனம் வைத்துப் பார்த்தால்தான் சங்கதி வெளியே வரும். ஒற்றைக் கால் என்பது காலுக்குத் தனிக்குடித்தனம்.

* * *

ஜிம் பாஷையில் இதற்குப் பெயர் ‘பிஸ்டல் ஸ்க்வாட்’. ஒரு காலில் நின்றுகொண்டு, மற்றக் காலை முன்னால் நீட்டி, புட்டம் குதிகாலுக்கு அருகில் வருகிற வரை இறங்கி, கையை ஊன்றாமல், நீட்டிய காலைத் தரையில் படவிடாமல் எழுந்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் நீட்டிய கால் துப்பாக்கிக் குழல் மாதிரி தெரியும். அதனால் பிஸ்டல். தோட்டா பாய்வது என்னவோ செய்கிறவரின் முட்டியில்தான், சரியாகச் செய்யாவிட்டால்.

பாவெல் சாட்சுலின் என்று ஒருவர். சோவியத் தேசத்திலிருந்து அமெரிக்கா போய்ப் பெயர் வாங்கிய பயிற்சியாளர். 2003-ல் ‘தி நேகட் வாரியர்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். எடை, மெஷின் எதுவும் வேண்டாம், உடம்பு மட்டும் போதும் என்று அவர் முக்கியமாகப் பிடித்துக்கொண்டது இரண்டே இரண்டு பயிற்சிகளை. ஒன்று, ஒற்றைக் கைத் தண்டால். இன்னொன்று, இந்தப் பிஸ்டல்.

2000-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த ‘கிராஸ்ஃபிட்’ ஆசாமிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களுடைய கடுமையான பயிற்சிகளில் சிலவற்றுக்குப் பெண் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று ‘மேரி’. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். தலைகீழாகக் கையில் நின்றபடி தண்டால் 5, பிஸ்டல் 10, புல்-அப் 15. இது ஒரு சுற்று. 20 நிமிஷத்துக்குள் இப்படி எத்தனை சுற்று முடியுமோ அத்தனை. மேரியைச் சந்தித்துவிட்டு வருகிறவர்கள் மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவார்கள்.

நமக்கு மேரி வேண்டுமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் தம்பி ஏன் பின்னால் விழுகிறார் என்று பார்ப்போம்.

* * *

குற்றவாளி தொடை இல்லை. கணுக்கால்!

கீழே உட்காரும்போது புட்டம் பின்னால் போகிறது. அதைச் சரிக்கட்ட முட்டி முன்னால் போயாக வேண்டும். முட்டி முன்னால் போக வேண்டுமானால் கணுக்கால் மடங்கிக் கொடுக்க வேண்டும். கணுக்கால் துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். குதிகால் தூக்கிக்கொள்ளும், அல்லது ஆசாமி மல்லாக்க விழுவார். இரண்டு காலில் பஸ்கி எடுக்கும்போது காலை அகட்டி வைத்து, பாதி இறங்கியதும் எழுந்து சமாளித்துவிடலாம். ஒற்றைக் காலில் அகட்ட எதுவும் இல்லை.

உங்கள் கணுக்கால் எப்படி? ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிக்கலாம். சுவரைப் பார்த்து நில்லுங்கள். ஒரு காலின் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் நடுவில் 10 சென்டிமீட்டர் இடைவெளி. சுமாராக ஒரு கை அகலம். குதிகாலைத் தரையை விட்டு எடுக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட்டுவிட்டால் பாஸ். தொடவில்லையென்றால் உங்கள் முதல் வேலை தொடையைப் பெரிசாக்குவது இல்லை, கணுக்காலை இளக்குவது. இதே பரீட்சைதான் பயிற்சியும். முட்டியைச் சுவர்ப் பக்கம் மெதுவாகத் தள்ளித் தள்ளி, காலுக்கு 15 தடவை, தினம் இரண்டு வேளை. காசு செலவில்லை.

கணுக்கால் ஏன் இறுகிப்போனது என்று கேட்டால் பதில் சுலபம். காலையில் எழுந்ததும் உட்காருகிற இடம் நாற்காலி உயரம். பைக் ஸீட் நாற்காலி உயரம். ஆபீஸில் எட்டு மணி நேரம் நாற்காலி. ராத்திரி டி.வி. முன்னால் சோபா. கல்யாணப் பந்தி கூட டேபிளுக்கு ஏறிவிட்டது. கடைசியாகத் தரையோடு நமக்கு மிச்சம் இருந்த ஒரே உறவு காலைக்கடன். அங்கேயும் நாற்காலி வந்துவிட்டது!

என் பெரியப்பா 80 வயதிலும் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கையில் எச்சில் இலையோடு, எதையும் பிடிக்காமல் எழுந்திருப்பார். ஜிம் வாசலை மிதித்தவர் இல்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை தரைக்குப் போய்த் தரையிலிருந்து வந்ததுதான் அவருடைய ஜிம். பக்கத்து இலைக்காரப் பேரன்கள், முழங்காலில் கையை ஊன்றி ‘யப்பா’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

* * *

அடுத்த சாட்சி, பாலன்ஸ்.

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து ரிப்போர்ட் போகிறது. கண், உள்காதில் இருக்கிற ஒரு நுட்பமான கருவி, அப்புறம் பாதத்திலும் மூட்டுகளிலும் இருக்கிற நரம்புகள். மூன்றாவது ஆசாமி முக்கியமானவர். தடிமனான ஸ்பான்ஜ் வைத்த ஷூவை மாட்டிக்கொண்டால் அவர் ரிப்போர்ட் மங்கிவிடுகிறது. அதனால் பயிற்சியை வெறுங்காலில் செய்வது உத்தமம். குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, இந்த மூன்று இடமும் முக்காலி மாதிரி தரையைப் பிடித்திருக்க வேண்டும்.

இடுப்பின் பக்கவாட்டில், பேன்ட் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு தசை இருக்கிறது. ஒரு காலைத் தூக்கும்போது இடுப்பு அந்தப் பக்கம் சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்துவது இதுதான். நாள் பூரா உட்கார்ந்திருப்பவருக்கு இது அரைத் தூக்கத்தில் இருக்கும். எழுப்பாமல் ஒற்றைக் காலில் இறங்கினால் முட்டி உள்பக்கமாக மடியும். முட்டிவலிக்கு அதுதான் முகூர்த்தக்கால்.

‘நான் எதுக்கு ஸார் ஒற்றைக் காலில் நிற்கணும்? நான் என்ன கொக்கா?’ என்று கேட்கலாம். நீங்கள் நடக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். சாதாரண நடையில் சுமார் 80 சதவீத நேரம் நாம் ஏதாவது ஒரு காலில் மட்டும்தான் நிற்கிறோம். மாடிப்படி, பஸ்ஸில் ஏறுவது, பேன்ட் மாட்டுவது எல்லாமே ஒற்றைக் கால் வேலைதான்.

பிரேசில் நாட்டில் டாக்டர் கிளாடியோ கில் அராஹோவும் அவர் சகாக்களும் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 2022-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வெளியானது. 51 முதல் 75 வயதுக்குள் 1,702 பேர். தூக்கிய காலின் பாதத்தை நிற்கிற காலின் கெண்டைக்காலில் வைத்து, கை இரண்டும் பக்கத்தில், பார்வை நேராக, 10 விநாடி நிற்க வேண்டும். மூன்று வாய்ப்பு. ஐந்தில் ஒருவர் ஃபெயில்! பிறகு சராசரியாக ஏழு வருஷம் கவனித்தார்கள். வயது, பருமன், ஏற்கெனவே இருந்த வியாதிகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், ஃபெயிலானவர்களுக்கு மரண அபாயம் 84 சதவீதம் அதிகமாக இருந்தது.

உடனே பயந்துவிடாதீர்கள். நிற்க முடியாததால் இறந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. தெர்மாமீட்டர் காய்ச்சலைக் கொண்டுவருவதில்லை, காட்டிக்கொடுக்கிறது. அது மாதிரிதான் இதுவும். ஆனால், விழுவது நிஜமான ஆபத்து. உலகத்தில் விபத்துக் காயங்களால் நேர்கிற மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் தவறி விழுவதற்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈரமான பாத்ரூமில் ஒரு கால் வழுக்கும்போது, மிச்சம் இருக்கிற ஒரு கால்தான் ஆயுள் இன்ஷூரன்ஸ். அதற்கு ப்ரீமியம் கட்ட வேண்டிய வயசு அறுபது இல்லை. இருபத்தாறு!

* * *

சரி, எப்படிக் கட்டுவது?

மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றைக் காலில் ஒருவர் தவம் நிற்பார். அவரைப் பார்த்துக் கீழே ஒரு பூனையும் கையைத் தூக்கித் தவம் பண்ணும். சுற்றிலும் எலிகள். எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருவர் உண்டு. மொபைலில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, ‘இதென்ன பிரமாதம்’ என்று காலை நீட்டி உட்கார்ந்தார். உட்கார்ந்தார், அவ்வளவுதான். எழுந்திருக்கும்போது பக்கத்திலிருந்த ஃபைல் ராக்கைப் பிடித்தார். 1998-லிருந்து அசையாமல் இருந்த ஃபைல்கள் எல்லாம் ஒரே நாளில் ‘மூவ்’ ஆயின!

அவர் விட்ட இடம் எது? எழுந்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட்டார், இறங்குவதைப் பற்றி யோசிக்கவில்லை. இந்த வித்தையில் முதலில் கற்க வேண்டியது இறங்குவது. தசைக்கு ஒரு குணம் உண்டு. தூக்க முடியாத பாரத்தைக் கூட மெதுவாக இறக்கி வைக்க அதனால் முடியும். அப்படி இறக்கி இறக்கியே தூக்குகிற பலமும் வந்து சேரும். ஆகவே படிப்படியாக...

முதல் படி: பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். 30 விநாடி இந்தக் கால், 30 விநாடி அந்தக் கால். ஆடாமல் நிற்க வந்ததும், பக்கத்தில் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்துக் கண்ணை மூடி நிற்கப் பாருங்கள். பூமி சுற்றுவது தெரியும்! வாயில் பிரஷ் இல்லாமல் செய்யவும்.

இரண்டாம் படி: ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலிலும் முழுசாகக் குந்தி உட்காருங்கள். குதிகால் தரையில் இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் இருக்க முடிந்தால் போதும். குதிகால் தூக்கினால் அடியில் அரை அங்குலப் பலகைத் துண்டு ஒன்றை வையுங்கள். வெட்கப்பட வேண்டாம். பளுதூக்கும் வீரர்களின் ஷூவில் குதிகால் உயரமாக இருப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

மூன்றாம் படி: நாற்காலிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஒரு காலைச் சற்று முன்னால் தூக்குங்கள். இன்னொரு காலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டே இறங்கி நாற்காலியில் உட்காருங்கள். ‘தொப்’பென்று விழக்கூடாது. நாற்காலியில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடாமல் உட்காருவது மாதிரி. எழுந்திருப்பது இரண்டு காலில். காலுக்கு ஐந்து தடவை, மூன்று சுற்று. முட்டி, பாதத்தின் இரண்டாவது விரல் எந்தத் திசையோ அந்தத் திசையில்தான் போக வேண்டும். உள்ளே சாய்ந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

நான்காம் படி: அதே நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலால் எழுந்திருப்பது. இது வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இனி உயரத்தைக் குறைக்க வேண்டும். ஆபீஸ் நாற்காலி சுமார் 45 சென்டிமீட்டர் உயரம். அங்கிருந்து தரைக்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. இங்கேதான் இந்தப் பத்திரிகை உங்களுக்கு உதவுகிறது! ஒரு முக்காலியின் மேல் பழைய இதழ்களை நாற்காலி உயரத்துக்கு அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஒரு வாரம் ஒழுங்காகச் செய்ய முடிந்தால் அடுத்த வாரம் நான்கைந்து இதழ்களை உருவிவிடுங்கள். முடியவில்லையா, திரும்ப வையுங்கள். சில மாசத்தில் முக்காலி, அப்புறம் மணை, அப்புறம் தரை. பழைய பேப்பர்காரரை அதுவரை வீட்டுப் பக்கம் விடாதீர்கள். (உருவிய இதழ்களைப் படிக்கவும் செய்யலாம்.)

ஐந்தாம் படி: மாடிப்படி. ஒரு படியின் விளிம்பில் ஒரு காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் கீழ்ப்படியை மெல்லத் தொடுகிற மாதிரி இறங்கி, எடையை அதில் போடாமல் ஏறுங்கள். தொட்டால் போதும், மிதிக்கக்கூடாது. கைப்பிடி பக்கத்தில் இருக்கட்டும்.

ஆறாம் படி ஒரு வேடிக்கை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சுக்கு நேராக முன்னால் நீட்டிக்கொண்டு இறங்குங்கள். எடை சேர்ந்தால் கஷ்டம்தானே கூட வேண்டும்? சுலபமாகிவிடும்! முன்னால் நீட்டிய எடை, பின்னால் போகிற புட்டத்துக்கு எதிர்த் தராசுத் தட்டு. பின்பக்கம் விழுகிற நம் கடிதத் தம்பிக்கு நான் சொல்கிற முதல் மருந்து இந்தப் பாட்டில்தான். நன்றாகப் பழகிய பிறகு பாட்டிலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

நீட்டிய காலின் தொடை ‘சுருக்’கென்று பிடித்துக்கொள்கிறதா? அது வியாதி இல்லை, பழக்கம் இல்லாதது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கையைப் பக்கத்தில் ஊன்றி, ஒரு காலை மட்டும் நாலு விரற்கடை தூக்கித் தூக்கி இறக்குங்கள். பத்துத் தடவை. இரண்டு வாரத்தில் அந்தத் தொடை வழிக்கு வந்துவிடும்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். ‘இனிமேல் முடியாது’ என்கிற வரை போகாமல், இன்னும் இரண்டு முடியும் என்கிறபோதே நிறுத்திவிடுங்கள். தவறாகச் செய்த இருபதைவிடச் சரியாகச் செய்த நான்கு மேல். உடம்பு எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதைத்தான் படித்துக்கொள்கிறது. தப்பையும் சேர்த்து.

* * *

மதுரை மீனாட்சி கோயிலில் வெள்ளியம்பலம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மற்றத் தலங்களில் நடராஜர் வலது காலை ஊன்றி, இடது காலைத் தூக்கி ஆடுவார். இங்கே இடது காலை ஊன்றி, வலது காலைத் தூக்கியிருப்பார். திருவிளையாடல் புராணம் காரணம் சொல்கிறது. ராஜசேகர பாண்டியன் என்ற மன்னன் நடனம் கற்க ஆரம்பித்தான். உடம்பெல்லாம் வலி. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ‘நமக்கே இப்படியென்றால், காலங்காலமாக ஒரே காலில் நின்று ஆடுகிற ஈசனுக்கு எப்படி வலிக்கும்?’ கால் மாற்றி ஆட வேண்டும் என்று மன்றாடினான். மாற்றாவிட்டால் உயிரை விட்டுவிடுவதாகச் சொல்லி, அவன் பங்குக்கு ஒற்றைக் காலில் நின்றான். ஈசன் கால் மாற்றி ஆடினார்.

எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டின் முதல் ஃபிட்னஸ் கோச் இந்தப் பாண்டியன்தான். தானே செய்து பார்த்து, வலியை உணர்ந்து, அதன் பிறகு யோசனை சொன்னவன்!

நம்மில் பலருக்கும் ஒரு கால் சமர்த்து, ஒரு கால் சோம்பேறி. சமர்த்துக் காலில் பத்து எடுத்துவிட்டு, சோம்பேறிக் காலில் நாலோடு ‘போதும்’ என்று முடித்துக்கொள்வது மனித சுபாவம். அப்படிச் செய்தால் இடைவெளி பெரிசாகும். தலைகீழாகச் செய்யுங்கள். சோம்பேறிக் காலில் முதலில். அது நாலு எடுத்தால் சமர்த்துக்கும் நாலுதான். இரண்டு மாசத்தில் இருவரும் சமமாகிவிடுவார்கள்.

* * *

இப்போது மேரிக்கு வருவோம். கடிதத் தம்பி மாதிரி, ஜிம்மில் வேர்த்து விறுவிறுக்கச் செய்கிற சுற்றுப் பயிற்சியில் பிஸ்டலைச் சேர்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. களைப்பு வந்தால் முதலில் காலை வாருவது பாலன்ஸ்தான். அதனால் புதுசாகக் கற்கும்போது பிஸ்டலைப் பயிற்சியின் ஆரம்பத்தில், உடம்பு தெம்பாக இருக்கும்போது செய்யுங்கள். கடைசியில் வேண்டாம். நிதானமாக ஒவ்வொரு காலிலும் ஐந்து சுத்தமாக வந்த பிறகுதான் கடிகாரம் வைத்து ஓடுகிற சுற்றில் சேர்க்க வேண்டும். அங்கேயும் கால் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், வலது ஒன்று, இடது ஒன்று. ஒரே காலில் பத்தையும் எடுத்தால் ஆறாவதிலேயே முட்டி உள்ளே சாயும். களைத்துவிட்டால் கூச்சப்படாமல் நாற்காலிக்குத் திரும்புங்கள். கீழே போய், குதிகாலில் பந்து மாதிரி இடித்து எழும்புகிற சாமர்த்தியம் வேண்டவே வேண்டாம். அந்த இடியை வாங்குவது முட்டி.

முட்டியில் ஏற்கெனவே வலி இருப்பவர்கள், கணுக்காலில் அடிபட்டு ஆபரேஷன் ஆனவர்கள், சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் முதல் படிக்கு மேல் போக வேண்டாம். தசை எரிகிற வலி நல்ல வலி, ஓரிரு நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற வலி வேறு ஜாதி. அது வந்தால் அன்றைக்குக் கடை அடைப்பு.

முழுப் பிஸ்டல் வராமலே போனாலும் தலை போய்விடாது. தொடை எலும்பு நீளமாக அமைந்தவர்களுக்கு இது இயல்பிலேயே கஷ்டம். அந்த ஒல்லிப் பையனுக்குச் சீக்கிரம் வந்ததற்கு அவனுடைய உடல்வாகும், சின்ன எடையும் காரணமாக இருக்கலாம். அவனைப் பார்த்து ஏங்காதீர்கள். நாற்காலி உயரத்திலிருந்து ஒற்றைக் காலால் மெதுவாக இறங்கி ஏறுகிறவர், மாடிப்படியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. முக்காலி உயரம் வந்தவர், பந்தியில் பெரியப்பா பக்கத்தில் தைரியமாக உட்காரலாம். அதற்குக் கீழே கிடைப்பதெல்லாம் போனஸ்.

கடிதத் தம்பிக்குக் கடைசியாக ஒன்று. 80 கிலோவை 100 ஆக்குவதற்கு முன்னால், மூன்று மாசம் இந்தத் தண்ணீர் பாட்டிலோடும் பழைய இதழ்களோடும் குடித்தனம் நடத்துங்கள். கணுக்காலும் இடுப்பும் விழித்துக்கொண்டால், 100 கிலோவும் தன்னால் பின்னாலேயே வர வாய்ப்பு உண்டு.

இத்தனையையும் நீங்கள் உட்கார்ந்துகொண்டேதானே படித்தீர்கள்? பக்கத்தைத் திருப்புவதற்கு முன் எழுந்திருங்கள். கையை ஊன்றாமல்!